தாளம் என்றால் உயர்வு, அடி என்றால் இழிவா?

பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களைச் சந்தித்தபோது ஒரு கேள்வி கேட்டோம்: இசையின் அடிப்படைக் கூறுகள் என்னென்ன? சுருதி, லயம், ராகம், தாளம் என்று பதில் வந்தது. சரிதான். "பறையில் எத்தனை அடி தெரியும்?" என்று அடுத்துக் கேட்டோம். அமைதி. ஒரு தம்பி மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அது வெறும் கொட்டுதானண்ணே."

அந்தத் தம்பி மீது நமக்குக் கோபம் இல்லை. அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார்?

தம்புராவின் நரம்பை முறுக்கினால் அது 'சுருதி சேர்த்தல்'. பறையைத் தீயில் காய்ச்சித் தோலை விறைக்க வைப்பது மட்டும் வேறென்ன? மிருதங்கத்துக்குச் சொற்கட்டு உண்டென்றால், பறைக்குச் சாமிச்சாட்டு அடி, மருள் அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று நிகழ்வுக்கு ஓர் அடி உண்டு. நம் நெல்லைப் பக்கம் சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்தைப் பாருங்கள். பழங்குடிப் பட்டியலில் உள்ள கணியான் மக்கள் இரண்டு மகுடங்களை அடிக்கிறார்கள். ஒன்று உச்சம், மற்றது மந்தம். மேல் சுருதி, கீழ்ச் சுருதிக்கு இதைவிடத் தெளிவான கலைச்சொல் வேண்டுமா?

மாட்டுத்தோல் தீட்டு என்பார்கள். மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான் இருக்கிறது. அதைச் செய்யும் கைவினைஞர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் மேடையேறலாம், அதைப் பதப்படுத்திய கையைப் பற்றிப் பேசினால்தான் சிக்கல்.

தொல்காப்பியமோ நிலத்தின் கருப்பொருள்களில் பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைத்தது. மேல் கீழ் பிரித்தது இசை இலக்கணம் அல்ல, சாதி.

"சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்" என்று போராடிய நம் பெரியவர்களை மறக்கவில்லை. அவர்கள் செய்தது சரி. மறுக்க உரிமையில்லாமல், சாதிக் கடமையாக அடிக்க வைத்ததுதான் இழிவு. அந்தக் கட்டாயம் எங்கே மிச்சமிருந்தாலும் எதிர்ப்போம். ஆனால் கட்டாயம்தான் ஒழிய வேண்டும். அதோடு சேர்த்து அறிவையும் புதைத்துவிடக் கூடாது.

தோழர்களே, உங்கள் ஊரின் மூத்த கலைஞரிடம் போங்கள். உரிய ஊதியம் கொடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் பெயர் கேட்டு, அவர் சம்மதத்தோடு, அவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். பிறகு இசைப் பாடநூலில் இடம் கேட்போம். 'நாட்டுப்புறக் கலைகள்' என்ற கடைசிப் பாடத்தில் அல்ல, 'இசையின் அடிப்படைகள்' என்ற முதல் பாடத்தில்.

ஜெய்பீம்!