பூந்தொட்டி வைத்தால் பசுமை ஆகிவிடுமா?

"பசுமை மருத்துவமனை" என்ற பேச்சு இப்போது பெரிய இடங்களில் பலமாக அடிபடுகிறது. வாசலில் பூந்தொட்டி, மொட்டை மாடியில் சூரியத் தகடு, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கேடயம்! வைக்கட்டும், மின்சாரம் மிச்சமானால் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பின்வாசலுக்குப் போய் நாம் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே கழிவுப் பையைத் தூக்குகிறவர் கையில் உறை இருக்கிறதா? அந்தப் பை எங்கே போகிறது? யாருடைய கூரைமேல் புகையாக இறங்குகிறது?

இதைக் கேட்க நம்மைவிட உரிமை உடையவர் யார்? தாராவித் தாய்மார்கள் பிள்ளைப்பேற்றுக்கு ஓடுவது சயான் மருத்துவமனைக்கு. இந்த மும்பை மாநகரின் மருத்துவமனைகளைக் கூட்டிப் பெருக்குவோரில் நம்மவர் உண்டு. பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து வயிறு வளர்ப்போரிலும் உண்டு. நோயாளியும் நாம், தொழிலாளியும் நாம், புகைபோக்கிக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் நாம்!

மருத்துவமனைக் குப்பையில் சுமார் 85 விழுக்காடு சாதாரணக் குப்பையே என்கிறது உலக சுகாதார நிறுவனம். காகிதம், அட்டை, சாப்பாட்டு மிச்சம் இவைதான். ஆபத்தானது சுமார் 15 விழுக்காடு. கட்டிலருகிலேயே பிரித்தால் நூறு கிலோவில் பதினைந்து கிலோவுக்குத்தான் கவலைப்பட வேண்டும். ஒரே பையில் கொட்டினால் நூறு கிலோவும் நஞ்சு. "செலவாகும்" என்று கைவிரிக்கும் நிர்வாகிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

சட்டம் இல்லையா? உண்டு. 1998-இல் ஒரு விதி வந்தது. 2016-இல் புது விதி வந்தது. இரத்தம் தோய்ந்த பஞ்சு, உடல் உறுப்பு, காலாவதியான மருந்து மஞ்சள் பைக்கு. சலைன் பாட்டில், குழாய், கையுறை சிவப்புப் பைக்கு. ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கு. கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டிக்கு. 48 மணி நேரத்துக்கு மேல் கழிவைத் தேக்கி வைக்கலாகாது. சிவப்புப் பைச் சரக்கை நீராவியில் கிருமி நீக்கி, துண்டு துண்டாக வெட்டிய பிறகே மறுசுழற்சிக்கு விட வேண்டும். பிளாஸ்டிக்கில் குளோரின் இருந்து, அது சரியான சூடின்றி எரிந்தால், டையாக்சின் என்னும் கொடும் நஞ்சு பிறக்கிறது. அதனால்தான் குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளையும் கையுறைகளையும் விலக்கச் சொன்னது விதி.

இன்னொன்றையும் அதே விதி சொல்கிறது. கழிவைக் கையாளும் அனைவருக்கும் மருத்துவமனைத் தலைமையே பயிற்சி தர வேண்டும். கையுறையும் காலணியும் தர வேண்டும். மஞ்சள் காமாலை பி-க்கும் வில்வாத சன்னிக்கும் தடுப்பூசி போட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது உடலைப் பரிசோதிக்க வேண்டும். "அவர் எங்கள் ஆள் இல்லை, காண்டிராக்டரின் ஆள்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஊழியரோடு 'மற்றவர்களையும்' சேர்த்தே விதி பேசுகிறது. காண்டிராக்டரின் ஆளைக் குத்தும் ஊசி ஆள் பார்த்தா குத்துகிறது?

அலட்சியத்தின் விலையை நாடு பார்த்துவிட்டது. 2009-இல் குஜராத்தின் மொடாசாவில், பயன்படுத்திய ஊசிகளையே மீண்டும் போட்டதால் மஞ்சள் காமாலை பி பரவி, பல உயிர்கள் பறிபோயின. தூக்கி எறிந்த ஊசி திரும்பி வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கோவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகரின் மருத்துவக் கழிவு பல ஆண்டுகளாக அங்கே, ஏழைகளின் குடியிருப்புகளுக்கு நடுவே எரிந்தது. மக்கள் வழக்காடினார்கள். 2023-இல் பம்பாய் உயர்நீதிமன்றம், இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த ஆலையை ராய்கட் மாவட்டம் காலாபூர்ப் பக்கம் மாற்றச் சொன்னது. வழக்காடிய மக்களுக்கு வணக்கம்! ஆனால் நம் வாசல் குப்பையை அடுத்த வாசலுக்குத் தள்ளுவதோடு கதை முடிந்துவிடுமா? காலாபூரில் இருப்பவரும் மனிதர்தானே! உலைக்குப் போகும் பையின் எடை குறைய வேண்டும். அது மருத்துவமனைக்குள்ளே, கட்டிலருகே தொடங்க வேண்டிய வேலை.

ஆகவே நாம் கேட்கிறோம்: ஒவ்வொரு வார்டிலும் நிறப்பெட்டிகள் வேண்டும், அவற்றின் பயன் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதப்பட வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் மூன்று தவணைத் தடுப்பூசி முழுமையாக வேண்டும். ஊசி குத்தினால் பதிவேட்டில் ஏற வேண்டும். உடனே இலவச சிகிச்சை வேண்டும். கழிவின் மாதக் கணக்கு மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

நம்மவர் செய்ய வேண்டியதும் உண்டு. நோயாளியைப் பார்க்கப் போனால் சாப்பாட்டுப் பொட்டலத்தை மஞ்சள் பையில் போடாதீர்கள். வெட்டாத சலைன் குழாய் எடைக்கு வந்தால், பழைய சாமான் கடைக்காரத் தம்பிகளே, காசுக்கு ஆசைப்பட்டு வாங்காதீர்கள். கையுறை தராவிட்டால் தனியே முணுமுணுக்காமல் நாலு பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுகிறவரின் கை நோயின்றி இருக்கும் மருத்துவமனையே பசுமை மருத்துவமனை. அதற்கு முன்னால் கேடயம் வாங்குவோரை, எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்போம்!