அப்பா என்ன வெறும் ஏ.டி.எம்.மா?

"புள்ள வளக்கிறதா? அது பொம்பளைங்க சமாச்சாரம்ப்பா." டீக்கடை பெஞ்சிலிருந்து தலைமைச் செயலகம் வரை எல்லாரும் ஒத்துப்போகும் விஷயங்கள் தமிழ்நாட்டில் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று. கிரிக்கெட்டில்கூட இவ்வளவு ஒற்றுமை கிடையாது!

ஏழை வீட்டு அப்பா என்றால் நம் சினிமாவுக்கு இரண்டே வார்ப்புதான். குடித்துவிட்டு வந்து அடிப்பவர் ஒருவர். மூட்டை தூக்கி, வாயே திறக்காமல், பிள்ளையை எஞ்சினியர் ஆக்கும் தியாகி இன்னொருவர். மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அதோ பாரு ரோடு ரோலர்... அது என்ன பண்ணுது, சொல்லு?" என்று வெட்டிக்கதை பேசும் அப்பாவுக்கு அங்கே இடமே இல்லை.

ஆனால் அந்த வெட்டிக்கதையில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான 'எர்லி ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தை ஒட்டி டாமிஸ்-லெமோண்டா, மைக்கேல் லாம்ப் உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளோடு அப்பாக்கள் விளையாடுவதைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். அக்கறையோடு ஈடுகொடுத்து விளையாடிய அப்பாக்களின் பிள்ளைகள் மொழியிலும் அறிவுத்திறன் சோதனையிலும் முன்னே நின்றார்கள். அம்மாவின் பங்கைத் தனியே கழித்துவிட்டுப் பார்த்தாலும் அப்பாவின் பங்கு மிச்சம் நின்றது!

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம் சுவாரசியமானது. நாள் முழுக்கக் கூடவே இருக்கும் அம்மாவுக்கு மழலை அத்துபடி. "ங்கா" என்றாலே தண்ணீரா, பாலா என்று தெரிந்துவிடும். அப்பாவுக்குப் புரியாது. "என்னடா கண்ணு? என்ன வேணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். அந்த ஆளுக்குப் புரியவைப்பதற்காகவே குழந்தை புதுச் சொல் தேடுகிறது. அப்பாவின் மண்டைக்கு ஏறாததுகூடப் பிள்ளைக்கு லாபம்தான் போலிருக்கிறது.

இதற்குக் காசு வேண்டாம். நேரம் வேண்டும். கொத்தனாருக்கும் லோடுமேனுக்கும் இல்லாத சரக்கு அதுதான். ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. மத்திய அரசு ஊழியருக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 15 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு உள்ளது, தினக்கூலிக்குக் கிடையாது. என்ன நியாயம் இது?

சட்டங்களைப் புரட்டினால் இன்னும் வேடிக்கை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால்தான் குழந்தைகள் காப்பகம் என்றது. 1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களுக்கு மேல் என்றது. அதாவது ஒரு சைட்டில் 200 கொத்தனார், 40 சித்தாள் என்றால் குழந்தைகளுக்கு அறை கிடையாது. அந்த 200 பேருக்கும் பிள்ளையே இல்லை என்று சட்டம் முடிவு கட்டிவிட்டது! 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது மொத்த ஊழியர் 50 பேர் என்று கணக்கை மாற்றினார்கள், சரி. ஆனால் காப்பகத்துக்குத் தினம் நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமை பெண்ணுக்கு மட்டும்தான். 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே வாசகம். தந்தைக்கான விடுப்பு அதிலும் இல்லை.

"கூலி வாங்கினதும் நேரே டாஸ்மாக் போறவனுக்கு விடுப்பு வேறயா?" என்பார்கள். அடிக்கிற அப்பா வீட்டில் இருப்பதால் பிள்ளைக்குக் கேடுதான், அதில் சந்தேகமில்லை. அதற்காக எல்லாரையும் அந்தக் கணக்கில் எழுதுவதா? 2003 முதல் சில்லறையில் மது விற்கும் அரசாங்கம் இதைச் சொல்லாமல் இருந்தால் நல்லது.

அப்பாக்களும் தப்ப முடியாது. கூலி கொண்டுவந்து கொடுத்தால் கடமை முடிந்தது என்று திண்ணையில் செல்போன் நோண்டுகிறவருக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

அங்கன்வாடிக் கூட்டத்தை மாதம் ஒரு முறை ராத்திரி 7 மணிக்கு வையுங்கள். அப்பாக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நடத்தும் அக்காவுக்கு அந்த நேரத்துக்குக் காசும் கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் கல்யாணத்துக்கும் படிப்புக்கும் உதவித்தொகை கொடுக்கிறதே, பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு 15 நாள் கூலியையும் அங்கிருந்தே கொடுக்கட்டும்.