சேஷாசலத்தில் நடந்தது மோதலா?

2015 ஏப்ரல் 7 அதிகாலையில், திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், ஆந்திர மாநிலச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. அனைவரும் தமிழகத்துக் கூலித் தொழிலாளர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். மலைவாழ் மக்களும் அவர்களுள் இருந்தனர்.

'என்கவுண்டர்' என்ற சொல்லைத் தமிழாக்கும்போதெல்லாம் என் பேனா தயங்குகிறது. நாம் 'மோதல்' என்கிறோம். தெலுங்கு நாளேடுகள் 'எதுரு கால்புலு' என்கின்றன. எதிரெதிராகச் சுட்டுக்கொண்டார்கள் என்று பொருள். விசாரணை தொடங்குமுன்பே இரு சொற்களும் தீர்ப்பெழுதி விடுகின்றன. கல்லும் கோடரியும் கொண்டு பெருங்கூட்டம் தாக்கியது என்கிறது காவல்துறை. ஆனால் இருபது பிணங்கள் விழுந்த அந்த 'மோதலில்' காவலர் ஒருவரும் மடியவில்லை. பேருந்தில் சென்றவர்களை இறக்கிப் பிடித்துச் சென்றனர் என்று, உயிர் தப்பியோர் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சியம் அளித்தனர்.

2013 டிசம்பரில் இதே காட்டில் கடத்தல் கும்பல் வனத்துறை அதிகாரிகள் இருவரைக் கொன்றது. அதை நாம் மறைக்கவில்லை. அக்கொலைக்கு உரிய வழி வழக்கும் தண்டனையுமே. மரத்தைக் கப்பலேற்றிக் கோடிகள் குவிக்கும் முதலாளியைத் தொடாத துப்பாக்கி, வெட்டுக்கூலியைத் தேடிச் சுடுவது எந்த நீதி?

துப்பாக்கிச் சூட்டில் மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கையும் சுதந்திரமான புலனாய்வும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரிலேயே வரையறுத்திருந்தது. ஏழு மாதம்கூட ஆகவில்லை. சந்திரகிரியில் முதலில் குற்றவாளிகளாக எழுதப்பட்டவர்கள் இறந்தவர்களே! கொல்லப்பட்ட ஒருவரின் மனைவி புகார் கொடுத்த பிறகே படையினர் மீது கொலை வழக்குப் பதிவாயிற்று. அதைப் புலனாய்வு செய்ய அமர்த்தப்பட்டதும் அதே மாநிலத்துக் காவல்துறைதான். சிபிஐ விசாரணையும் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் இடைக்கால நிவாரணமும் வேண்டும் என்றது ஆணையம். ஆந்திர அரசோ உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றது.

வடகிழக்கில் இதற்கு வேறு கவசம் உண்டு. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்படி, ஒன்றிய அரசின் அனுமதியின்றி ராணுவத்தினர்மீது வழக்கு நடத்த முடியாது. நாகாலாந்தின் ஓட்டிங்கில் 2021 டிசம்பரில் சுரங்கத் தொழிலாளர்களைச் சுட்ட வழக்கில், முப்பது ராணுவத்தினர்மீது குற்றப்பத்திரிகை தயாராகியும் அனுமதி மறுக்கப்பட்டது. திருப்பதியில் அச்சட்டம் தேவைப்படவே இல்லை. மாநில எல்லையே போதுமானதாயிற்று. இறந்தவர் தமிழர், சுட்டவர் ஆந்திரக் காவலர். சென்னையிலிருந்து கடிதமும் நிவாரணத் தொகையும் போயின, அவ்வளவே.

ஆணையம் பரிந்துரைத்த சிபிஐ விசாரணையை இரு மாநில அரசுகளும் இணைந்து கோர வேண்டும். சுட்டவர்களின் பெயர்கள் குற்றப்பத்திரிகையில் ஏற வேண்டும்.