ஆறாத காற்புண்ணும் தள்ளிப்போடப்படும் சிகிச்சையும்

வெரிகோஸ் வெயின் எனப்படும் சுருள்சிரை நோயைப் பலரும் ‘நரம்புச் சுருட்டல்’ என்கின்றனர். பழுதுபடுவது நரம்பன்று, குருதி கீழிறங்காமல் காக்கும் சிரையின் தடுக்கிதழ்கள். இந்நோயால் கணுக்காலருகே தோன்றும் ஆறாப் புண்ணுக்குக் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டு மாதங்களைக் கழிப்பது முறையன்று. பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில் அனைவருக்கும் அழுத்தக் கட்டு இடப்பட்டது. பழுதுற்ற சிரையை உடனே அடைத்த பிரிவினருக்குப் புண் ஆற இடைநிலை அளவாக 56 நாள்கள் ஆயின. அச்சிகிச்சையைத் தள்ளிப்போட்ட பிரிவினருக்கு 82 நாள்கள்.

சிகிச்சைக்கு முன் நோயாளி கேட்க வேண்டியவை மூன்று. டாப்ளர் ஸ்கேன் எடுக்கப்பட்டதா? ஆழ்சிரையில் அடைப்பு உண்டா? காலின் தமனியில் குருதியோட்டம் போதுமா? இவற்றுக்கு விடை பெறாமல் லேசருக்கோ அழுத்தக் காலுறைக்கோ ஒப்புதல் அளிக்கலாகாது. தோற்றத்திற்கான சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம். ஆறாப் புண்ணைத் தள்ளிவைக்க மருத்துவ நியாயம் இல்லை.