300 பாட் ஸ்கூட்டர், லட்சக்கணக்கில் ரிஸ்க்: தாய்லாந்து போறவங்க கவனத்துக்கு



தாய்லாந்து ட்ரிப்புக்கு பட்ஜெட் போடும்போது ஃப்ளைட், ஹோட்டல், சாப்பாடுன்னு எழுதிட்டு, கடைசியில 'ஸ்கூட்டர் வாடகை, நாளுக்கு 300 பாட்'னு ஒரு வரி சேர்ப்பீங்க. நம்ம காசுக்கு 1,000 ரூபாய்கூட வராது. அங்கேயும் நம்ம ஊர் மாதிரி இடதுபக்கம்தான் ஓட்டணும். அப்புறம் என்ன யோசனைன்னு தோணும்.

அந்த 300 பாட் வெறும் வாடகை. வண்டியோட சேர்ந்து வர்ற பொறுப்பு உங்க பட்ஜெட்ல எங்கேயும் இல்லை. கம்பெனி கணக்குல இதுக்கு 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி'ன்னு பேர். நடந்தாத்தான் கொடுக்கணும், ஆனா நடந்துட்டா பெரிய தொகையா வந்து நிக்கும்.

முதல்ல லைசென்ஸ். டூரிஸ்ட்டா போய் அங்க ஓட்ட, இந்திய லைசென்ஸோட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் கையில இருக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி ஆர்டிஓ மூலமா வாங்கிடணும். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். ஆனா உங்க லைசென்ஸ்ல கார் மட்டும் இருந்தா, பெர்மிட்லயும் கார் மட்டும்தான் வரும். அதை வெச்சு ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. வாடகைக் கடைக்காரர் பல நேரம் இதையெல்லாம் கேட்காமலே சாவியைக் கொடுத்துடுவார். அவர் கேட்கலைன்னாலும் போலீஸ் கேட்கும், க்ளெய்ம் போடும்போது இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாயம் கேட்கும்.

டிராவல் இன்சூரன்ஸ் இருக்கே, பார்த்துக்கலாம்னு நினைப்பீங்க. பாலிசியோட விதிவிலக்குப் பக்கத்தைத் திறந்து பாருங்க. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாம ஓட்டினது, குடிச்சிட்டு ஓட்டினது, இதெல்லாம் பொதுவா அங்க இருக்கும். சில பாலிசிகள்ல டூ வீலருக்கு தனி நிபந்தனையும் உண்டு. ஆபீஸ்ல கொடுத்த குரூப் மெடிக்கல் பாலிசியும் பெரும்பாலும் இந்தியாவுக்குள்ள எடுக்கிற சிகிச்சைக்குத்தான்.

'வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார்'னு கடைக்காரர் சொன்னா, அது என்ன இன்சூரன்ஸ்னு கேளுங்க. பல வண்டிகளுக்கு 'போ ரோ போ'ங்கிற அந்த நாட்டுக் கட்டாய இன்சூரன்ஸ் மட்டும்தான் இருக்கும். அடிபட்ட எதிர்த்தரப்புக்கு மருத்துவச் செலவா அதிகபட்சம் 80,000 பாட், உயிரிழப்புன்னா 5,00,000 பாட். தப்பு உங்க மேலன்னா, உங்க சிகிச்சைக்கு 30,000 பாட் வரைக்கும்தான். வண்டி சேதத்துக்கு ஒண்ணும் கிடையாது. நம்ம ஊர் தேர்ட் பார்ட்டி பாலிசியில காயம், உயிரிழப்புக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கிற தொகைக்கு உச்சவரம்பு இல்லை. அந்த நினைப்போட அங்க ஓட்டாதீங்க. மேல ஆகிற தொகைக்கு உங்க சேவிங்ஸ்லதான் கை வைக்கணும்.

அடுத்தது பாஸ்போர்ட். டெபாசிட்டா அதைக் கேட்கிற கடைகள் உண்டு. 1967 பாஸ்போர்ட் சட்டத்தோட 17-வது பிரிவுப்படி, பாஸ்போர்ட் மத்திய அரசோட சொத்து; அதை அடமானம் வைக்கிற உரிமை நமக்கு இல்லை. தவிர, ஒரு கீறலுக்கு அவர் சொல்ற தொகையை பேரம் பேசவும் முடியாது. மறுநாள் ஃப்ளைட், பாஸ்போர்ட் அவர் டிராயர்ல. அதனால பணமா டெபாசிட் கொடுத்து ரசீது வாங்குங்க. வண்டியைச் சுத்தி வீடியோ எடுத்துட்டு, கடைக்காரர் கண் முன்னாடியே பழைய கீறல்களைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

என் கருத்து இதுதான். டூ வீலர் பெர்மிட், டூ வீலருக்கு கவர் தர்ற டிராவல் பாலிசி, நல்ல ஹெல்மெட், ஊர்ல தினமும் ஓட்டுற பழக்கம்: இந்த நாலும் இருந்தா எடுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம். கிராப் ஆப்ல டாக்ஸி புக் பண்ணுங்க. நாலு நாளைக்கு சில ஆயிரம் ரூபாய் கூட ஆகலாம். அதை இன்சூரன்ஸ் பிரீமியமா நினைச்சுக்கோங்க.

25 வயசுல சேர்த்த எமர்ஜென்சி ஃபண்ட் வேலை போனா வீட்டைத் தாங்குறதுக்கு. புக்கெட் மலைப்பாதையில ஒரு வளைவுல அதைப் பணயம் வைக்காதீங்க. டிக்கெட் போட்டாச்சுன்னா, இன்னைக்கே உங்க லைசென்ஸை எடுத்து அதுல டூ வீலர் இருக்கான்னு பாருங்க.