யாருக்கான சதவீதம்?

திருவனந்தபுரம் சாலை கடைத்தெருவில் நேந்திரங்காய் சிப்ஸை எடை போட்டு விற்கும் கடைகளும் உண்டு, பளபளக்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும் கடைகளும் உண்டு. குழந்தையின் கை நீள்வது இரண்டாவதை நோக்கித்தான். பெற்றோர் முன்பக்கத்தைப் பார்க்கிறார்கள். 'எண்ணெயில் பொரிக்காதது', 'பல தானியம்', 'கால்சியம் சேர்த்தது'. சரி, கெடுதல் இல்லை என்று காசை நீட்டுகிறார்கள். விஷயமோ பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

அதைப் படிப்பவர்களும் ஏமாற வழியுண்டு. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள், ஒரு பரிமாறல் ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்று அச்சிடச் சொல்கின்றன. யாருடைய தேவை? நாளைக்கு 2000 கலோரி, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம் என்று விதியே சொல்லிவிடுகிறது. இது வளர்ந்த ஆளின் கணக்கு. முன்னால் கரடிக்குட்டி பொம்மை, பின்னால் அப்பாவின் அளவு!

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1360 கலோரி போதும். சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. அதாவது இந்தக் குழந்தைக்கு உச்ச வரம்பு 34 கிராம், நல்ல வரம்பு 17 கிராம். உப்புக்கும் அப்படியே. பெரியவர்களின் வரம்பைக் குழந்தையின் கலோரித் தேவைக்கு ஏற்பக் குறைக்கச் சொல்கிறார்கள். ஒரு பாக்கெட்டில் 10 கிராம் சர்க்கரையும் 240 மில்லிகிராம் சோடியமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லேபிள் 20 சதவீதம், 12 சதவீதம் என்று சொல்லும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய 29, 18. நல்ல வரம்பை வைத்துப் பார்த்தால் சர்க்கரை பாதியைத் தாண்டிவிடுகிறது.

'பரிமாறல்' என்ற சொல்லிலும் கண் வேண்டும். 50 கிராம் பாக்கெட்டில் ஒரு பரிமாறல் 20 கிராம் என்று போட்டிருந்தால், எந்தக் குழந்தை மீதி முப்பதை மடித்து வைக்கப் போகிறது? சிப்ஸ் கடைக்காரர் சந்தோஷப்பட வேண்டாம். அவருடைய சரக்கிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான்.

கேரள அரசு 2016இல் பிராண்டட் உணவகங்களின் பீட்சா, பர்கருக்கு 14.5 சதவீதம் 'கொழுப்பு வரி' போட்டுப் பரபரப்பூட்டியது. ஐந்து ரூபாய்ப் பாக்கெட் அதில் சிக்கவில்லை. மறு ஆண்டு ஜி.எஸ்.டி. வந்ததும் வரியே போயிற்று. வயது வந்தோரில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் மாநிலம் இது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி சரியாக 25.5 சதவீதம்.

அரசே கொடுக்கும் பாக்கெட்டையும் விட்டுவிட முடியாது. காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் தொழில்நுட்பத்தில் உருவாகி, குடும்பஸ்ரீ பெண்கள் தயாரித்து, அங்கன்வாடி வழியாக மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போகும் 'அம்ருதம் நியூட்ரிமிக்ஸ்' உண்மையிலேயே உணவுதான். கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை எல்லாம் இருக்கின்றன. கடைப் பாக்கெட் எதுவும் பக்கத்தில் நிற்காது. ஆனால் அது உருவானபோது வகுத்த கலவையில் நூற்றுக்கு இருபது பங்கு சர்க்கரை. ஒரு நாள் பங்கான 135 கிராமில் 27 கிராம். ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தையின் தேவை சுமார் 1010 கலோரி; உச்ச வரம்பு 25 கிராம்! நாக்கு பழகும் வயதில் இவ்வளவு இனிப்பு வேண்டாம். 2025 ஜூனில் அங்கன்வாடிச் சாப்பாட்டுப் பட்டியலை மாற்றியபோது முட்டை பிரியாணி சேர்ந்தது. சர்க்கரையும் உப்பும் குறைந்தன. அதே கத்தரிக்கோல் மாவுப் பாக்கெட்டுக்கும் தேவை.

முன்பக்கத்திலேயே எச்சரிக்கை போடலாம். சிலி நாட்டில் 2016 முதல் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். நம் ஆணையம் 2022இல் நட்சத்திரம் கொடுக்கலாம் என்று ஒரு வரைவு வெளியிட்டது. நட்சத்திரம் என்றால் குழந்தை பரிசு என்றல்லவா நினைக்கும்? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதித்துப் பரிந்துரை கேட்டது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இவற்றை விற்கக் கூடாது என்று 2020 முதல் விதி உண்டு. ஐம்பது மீட்டர் ஒரு சிறுவனுக்கு ஒரு நிமிட நடை.

கடையில் நிற்கும்போது ஒரு சுருக்கு வழி உண்டு. முதலில், பாக்கெட்டில் எத்தனை பரிமாறல் என்று பாருங்கள். பிறகு சர்க்கரை, சோடியத்துக்கான சதவீதத்தை ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றரையாலும் இரண்டு வயதுக்கு இரண்டாலும் பெருக்குங்கள். புரதத்தையும் பார்த்துவிடுங்கள். 30 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 6 கிராம் இருக்கிறது.