பனி நாய்க்கு எண்ணூர் வெயில் எதுக்கு?



கணினி வகுப்பில் அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து நம்ம பசங்க பாதிப் பேருக்கு ஹஸ்கி நாய் ஆசை வந்துடுச்சு. ஒரு நண்பனுக்கு பத்தாவதுல 450 எடுத்தா வாங்கித் தர்றோம்னு வீட்டுல வாக்கே கொடுத்துட்டாங்க. மார்க் எடுக்கட்டும், சந்தோஷம். நாய் வேண்டாம் என்பது என் கருத்து. கோபப்படாம படிங்க.

அந்த விளையாட்டுக்குப் பெயர் ஸ்கீஜோரிங். நார்வே மொழியிலிருந்து வந்த சொல். காலில் ஸ்கீ பலகை, இடுப்பில் ஒரு பட்டை. அதிலிருந்து இழுத்தா நீளுற கயிறு ஒண்ணு நாயின் மார்புப் பட்டைக்குப் போகும். கடிவாளம் கிடையாது. "ஜீ" என்றால் வலது, "ஹா" என்றால் இடது, எல்லாம் வாய்ச்சொல்தான். நாய்க்கே இழுக்கப் பிடிக்கலைன்னா விளையாட்டே இல்லை. 1928ல் செயின்ட் மோரிட்ஸ் குளிர்கால ஒலிம்பிக்கில் இதைக் காட்சிப் போட்டியாக நடத்தினார்கள். ஆனா அங்கே இழுத்தது குதிரைகள்.

நாம பார்த்தது வசந்த காலத்தில் புதுசா விழுந்த பனி. நாய்கள் அதில் புரளுது, மூக்கை உள்ளே விட்டுத் தும்முது, ஓடிக்கிட்டே ஒரு வாய் பனியை அள்ளித் தின்னுது. எல்லாரும் சிரிச்சோம். ஆனா அது வெறும் குறும்பு இல்லை. உடம்புச் சூட்டைத் தணிக்க அதுக்குத் தண்ணீரே அந்தப் பனிதான். அந்த ஊர்களிலேயே வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காலையில் ஓட்டி முடிச்சிடுவாங்க. 15 டிகிரி தாண்டினா ஓட்டத்தைக் குறைச்சிடுவாங்க. நமக்கோ மார்கழி விடியற்காலையில 20 டிகிரிக்குக் கீழ போனாலே அது செய்தி!

ஹஸ்கி, வடகிழக்கு சைபீரியாவின் சுக்சி மக்கள் வளர்த்த இனம். அதுக்கு ரெண்டு அடுக்கு ரோமம். 1925ல் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவினப்போ, சுமார் 1,000 கிலோமீட்டர் பனியில் மருந்தை அஞ்சல் ஓட்டம் மாதிரி கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்த மாதிரி இழுவை நாய்கள்தான். ஐந்தரை நாளில்! அந்தப் பரம்பரை நாயை தண்டையார்பேட்டையில் ரெண்டாவது மாடி பால்கனியில் கட்டினா அது என்ன பண்ணும்?

நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைச்சுத்தான் சூட்டை வெளியேத்தும். ஈரக் காத்துல அதுவும் சரியா நடக்காது. நம்ம கடற்கரைக் காத்து எவ்வளவு கசகசப்புன்னு சொல்லவே வேண்டாம். ஏ.சி. போடலாமேன்னு கேப்பாங்க. ஏ.சி. குளிர் தரும், ஓட இடம் தருமா? எங்க தெருவுல ஒரு ஹஸ்கி இருந்துச்சு. பகல் முழுக்க குளியலறை ஈரத் தரையிலேயே படுத்துக் கிடக்கும். கரண்ட் போனா ஊளை விடும். அதை அழகுன்னு போட்டோ எடுத்தாங்க.

2024ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம்ம தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாதுன்னு பட்டியல் போட்டது. ஹஸ்கியும் அதில் உண்டு. எதிர்த்து வழக்கும் வந்தது. வழக்கு எப்படிப் போனாலும் நம்ம வெயில் மாறப் போறதில்லை.

நம்ம நாய்கள் என்ன குறைச்சல்? ராஜபாளையம் நாய்க்கு 2005ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறையின் ஒட்டின ரோமமும் ஒல்லி உடம்பும் இந்த மண்ணுக்குன்னே வந்தது. இவ்வளவு ஏன், காசிமேடு துறைமுகத்துல மத்தியானம் போய்ப் பாருங்க. எந்தப் படகு நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும்னு அங்க இருக்கிற தெரு நாய்களுக்கு அத்துப்படி.

450 எடுக்கப் போற நண்பா, ஹஸ்கி ஓடுறதைப் பார்க்கணும்னா வீடியோவை நூறு தடவை பாரு. வீட்டுக்கு நாய் வேணும்னா வேளச்சேரி புளூ கிராஸில் நாட்டு நாய்க்குட்டி தத்து கொடுக்கிறாங்க, காசு கொடுத்து வாங்க வேண்டாம். பேர் வைக்க நான் வர்றேன்.

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு